இன்டர்ன்ஷிப்புக்கு மே மாதம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாணவர்களின் இன்டர்ன்ஷிப் பற்றிப் பத்திரிகைகளில் அடிக்கடி செய்தி வருகிறது, ஆனால் பெரும்பாலும் அது இன்ஜினியரிங் மாணவர்களைப் பற்றித்தான் இருக்கிறது. இதழியலும் விஷுவல் கம்யூனிகேஷனும் படிக்கிற எங்கள் பாடு வேறு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் சென்னையில் ஒரு கல்லூரியில் முதல் ஷிப்டில் இதழியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இந்த செமஸ்டரில் ஒரு மக்கள் தொடர்பு நிறுவனத்தில் இன்டர்னாகச் சேர்ந்திருக்கிறேன். காலையில் ஆவடியில் ரயில் ஏறியதும் போனில் அன்றைய நாளிதழ்களைப் புரட்டி, நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் பற்றி ஏதாவது வந்திருந்தால் வெட்டி குரூப்பில் போட வேண்டும். வகுப்பு மதியம் முடிந்ததும் நுங்கம்பாக்கத்துக்கு ஓட வேண்டும். அங்கே செய்தியாளர்கள் பட்டியலைச் சரிபார்ப்பது, போன் செய்து பிரஸ் மீட்டுக்கு வருகிறார்களா என்று கேட்பது, அப்புறம் செய்திக் குறிப்பு (பிரஸ் ரிலீஸ்) எழுதுவது என்று சாயங்காலம் வரை வேலை இருக்கும். வீட்டுக்குப் போய்தான் அசைன்மென்ட்.

கஷ்டமாக இருக்கிறது என்று புலம்ப வரவில்லை. எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. வகுப்பில் பிரஸ் ரிலீஸ் என்பது தேர்வில் வரும் ஒரு கேள்வி, அவ்வளவுதான். அலுவலகத்தில் உட்கார்ந்த பிறகுதான், ஊர், நாள், யார், என்ன, யாருக்குப் பயன் என்பதெல்லாம் முதல் பத்தியிலேயே வராவிட்டால் அந்தத் தாளை உங்கள் மேசையில் இருப்பவர்கள் அடுத்த வரிகூடப் படிக்க மாட்டார்கள் என்பதும், இனிஷியலும் பதவியும் தப்பாகப் போனால் அச்சான பிறகு யாராலும் எதுவும் செய்ய முடியாது என்பதும், மாவட்டப் பக்கத்துக்குப் போக வேண்டிய செய்தி இரவு எட்டு மணிக்குப் போனால் வீண் என்பதும் புரிந்தன. செய்தியாளரிடம் எப்போது போன் செய்யக் கூடாது என்பதையும் அங்கேதான் கற்றுக்கொண்டேன். இதை எந்தப் பாடப் புத்தகமும் சொல்லித் தராது.

இவ்வளவு தருகிற இன்டர்ன்ஷிப்பைக் கல்லூரிகள் மே மாத விடுமுறைக்குள் அடைத்து வைத்திருக்கின்றன. நகரத்தில் இருக்கிற அத்தனை கல்லூரிகளின் மாணவர்களும் ஒரே நேரத்தில் விண்ணப்பித்தால் எந்த அலுவலகம்தான் எத்தனை பேரை வைத்து வேலை சொல்லிக் கொடுக்கும்? பலரை ஒரு மூலையில் உட்காரவைத்து மாதக் கடைசியில் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். காசு வாங்கிக்கொண்டு சான்றிதழ் தருகிற இடங்களும் இருக்கின்றன, மாணவர்கள் எல்லோருக்கும் தெரியும். வேலை வருஷம் முழுக்க நடக்கிறது, நாங்கள் மட்டும் ஒரு மாதம் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறோம்.

செமஸ்டர் நடக்கும்போதே போகலாம் என்றால் வருகைப் பதிவு 75 சதவீதம் என்ற சுவர் இருக்கிறது. அந்த விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வகுப்புக்கு வரத்தான் வேண்டும். ஆனால் விளையாட்டுக்கும் என்.சி.சி.க்கும் கல்ச்சுரல்ஸுக்கும் ஓ.டி. (வகுப்புக்கு வராவிட்டாலும் வந்ததாகக் கணக்கு வைக்கிற ஆன் டியூட்டி) கொடுக்கிற கல்லூரிகள், சேப்பாக்கம் பத்திரிகையாளர் மன்றத்தில் காலை 11 மணிக்கு நடக்கிற பிரஸ் மீட்டுக்குப் போக வேண்டிய இதழியல் மாணவிக்கு ஒரு காலைப்பொழுது தரக் கூடாதா? அதுவும் பாடம்தானே. இப்போது ஒவ்வொரு தடவையும் துறைத் தலைவரின் நல்ல மனசை நம்பித்தான் போக வேண்டியிருக்கிறது.

பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் படிப்புகளுக்கான கட்டமைப்பில் 30 மணி நேர இன்டர்ன்ஷிப் ஒரு கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் மதிப்பலகு), அதாவது 15 வாரங்களுக்கு வாரம் 2 மணி நேரம் என்று கணக்குச் சொல்லியிருக்கிறது. இந்தக் கட்டமைப்பு தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டியது, அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை என்பது தெரியும், அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. கணக்கை மட்டும் பாருங்கள். 4 கிரெடிட்டுக்கு 120 மணி நேரம், 15 வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 8 மணி நேரம். முதல் ஷிப்ட் மாணவர்களுக்கு அது இரண்டு மதியங்கள். கால அட்டவணையில் இந்த இரண்டு மதியங்களை எழுதி வைப்பது நம் பல்கலைக்கழகங்களால் முடியாத காரியமா?

அடுத்தது பணம். தொழில் பழகுநர்களான அப்ரன்டிஸ்களுக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, குறைந்தபட்ச உதவித்தொகை கொடுத்தாக வேண்டும். கல்லூரி இன்டர்னுக்கு அப்படி எதுவும் இல்லை. 2024 அக்டோபரில் பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டம் தொடங்கியபோது மாதம் 5,000 ரூபாய் என்றார்கள், ஆனால் முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவர்கள் அதில் சேர முடியாது என்று விதி வைத்தார்கள். ஆக, எங்களை மாதிரி ஆட்களுக்கு நிறுவனம் மனசு வைத்துக் கொடுப்பதுதான். எனக்குப் போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் தருகிறார்கள், அதுவே நல்ல இடம் என்று தோழிகள் சொல்கிறார்கள். என் வகுப்பில் அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்து, புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாயைப் பார்த்துப் பார்த்துச் செலவு செய்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பெண்கள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாக எழுதுவார்கள். சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்புக்குப் பதிலாக அவர்கள் சாயங்காலம் டியூஷன் எடுக்கப் போகிறார்கள். நாளைக்கு வேலைக்கு எடுக்கும்போது "அனுபவம் இருக்கிறதா" என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். இது எனக்கு நியாயமாகவே படவில்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. கல்லூரி அந்த இரண்டு மதியங்களைக் கிரெடிட்டோடு கொடுக்கட்டும், தேர்வு வாரங்களில் இன்டர்னை வரச் சொல்லக் கூடாது என்று நிறுவனத்திடம் எழுதி வாங்கட்டும். நிறுவனம் சேர்க்கும்போதே எத்தனை மணி நேரம், என்ன வேலை, எவ்வளவு தொகை என்று கடிதத்தில் போடட்டும். இரவு பத்து மணிக்கு "இதை மட்டும் முடித்துக் கொடும்மா" என்று வாட்ஸ்அப்பில் வருகிற வேலையும் அந்த மணிக்கணக்கில் சேர வேண்டும்.

இன்டர்ன்களை எடுப்பதில் பத்திரிகைகளும் அடக்கம் என்பதால் உங்களிடமே ஒரு வேண்டுகோள். பயிற்சி மாணவர்கள் தேவை என்று எந்த நிறுவனத்தின் விளம்பரம் வந்தாலும், உங்கள் சொந்த அறிவிப்பாக இருந்தாலும், நேரமும் உதவித்தொகையும் குறிப்பிடாமல் அச்சிடாதீர்கள்.

இப்படிக்கு,
இதழியல் மாணவி, ஆவடி