பாப்பாவுக்கு, அந்த தூத்துக்குடி அம்மாவப் பத்தி

பாப்பா, நீ அனுப்புன நாவல முழுசா படிச்சிட்டேன், அப்பா பெரிய எழுத்துல பிரிண்ட் எடுத்துக் குடுத்தாங்க. அயர்லாந்துல இருந்து ஊழியத்துக்கு வந்த ஏமி கார்மைக்கேல் அம்மா எழுதி வச்ச நெசக் கதைய எடுத்து, அந்த ஏழு வயசுப் புள்ளையே சொல்லுத மாதிரி மாத்திருக்க பாரு, எனக்கு அவ்வளவு பெருமையா இருந்துச்சு. நம்ம சபைல எல்லாரும் அத வெள்ளக்கார அம்மா பக்கத்துல நின்னே சொல்லிப் பழகிட்டோம். பிரீனாங்கிற பேர மாத்துனதும் நல்லதுதான், வாழ்ந்த புள்ள வாயில நாம வார்த்தைய வைக்கும்போது பேரையும் எடுத்துக்கக் கூடாது.

நேரத்துக்கு சாப்பிடுதியா? போன் போட்டா எடுக்க மாட்டேங்க.

ஒண்ணு மட்டும் திருத்திரு. 1901 மார்ச்ல அந்தப் புள்ள, சாமிக்குப் பொட்டு கட்டி தேவதாசியாக்க புள்ளைங்கள வளக்குற பெருங்குளம் கோயில் வீட்டுல இருந்து தப்பிச்சு வந்தது, கார்மைக்கேல் அம்மா அப்ப இருந்த பண்ணைவிளைக்கு. நீ டோனாவூர்னு போட்டு, காலைல கதவத் திறந்தா மலை தெரியுதுன்னு எழுதிருக்க. டோனாவூர்ல அவங்க நிலையா தங்குனது அதுக்கப்புறம். பண்ணைவிளைல ஏது மலை, ஏரல் பக்கம்லா அது, ஆச்சி ஊருக்குப் போற வழி, பனையும் வாழையுமா கெடக்கும். மனச எவ்வளவு வேணா கற்பன பண்ணு, ஊர மாத்தாத, நம்ம ஆளுங்க அந்த எடத்துலயே புத்தகத்த மூடி வச்சிருவாங்க.

கோயில் வீட்டப் பத்தி எழுதுனதுல ஒரு வரி கூட குறைக்காத, யார் சொன்னாலும். கார்மைக்கேல் அம்மா எழுதுனதயே இங்கிலாந்துல ரொம்ப இருட்டா இருக்குன்னு திருப்பி அனுப்புனாங்க, அவங்க சந்தோஷமா மாத்தி எழுதிக் குடுக்கல, 1903ல அப்படியே வந்துச்சு.

ஆனா பாப்பா, அந்தப் புள்ள அதுக்கு முன்னாடியே ஒருதடவ தப்பிச்சு தூத்துக்குடில இருக்க அவ அம்மாட்ட ஓடுனா, அம்மா திருப்பிக் குடுத்துட்டா, கோயில் வீட்டுல அவ கையில சூடு வச்சாங்க. நீ என்ன எழுதிருக்க, அந்த அம்மாக்காரி தன் கழுத்தக் கட்டுன புள்ள கைய ஒவ்வொரு விரலா பிரிச்சு எடுத்தா, அடுப்படிக்குள்ள போனா, அவ்வளவுதான். உள்ள போயி என்ன செஞ்சா? அத ஏன் எழுதல? அவ விதவன்னு நீதான வச்சிருக்க, சாமி கோவம் குடும்பத்தையே அழிச்சிரும்னு பயம் காட்டுதாங்க, புள்ளைய பொட்டு கட்டக் கூடாதுன்னு சட்டம் வந்ததே 1947ல, முத்துலட்சுமி ரெட்டி அம்மா எத்தன வருஷம் போராடி. அப்ப அவ யார்ட்ட போய் நிப்பா? கைய விலக்குனவ நெஞ்சு கல்லாத்தான் இருக்கணுமா? உன்ன ஆறாங்கிளாஸ்ல ஹாஸ்டல்ல விட்டுட்டு வந்த அன்னைக்கு அப்பா பஸ்ஸுல... சரி அத விடு, இது உன் நாவல்.

கார்மைக்கேல் அம்மாவுக்கு அந்த வீட்டுக்குள்ள நடந்தது புள்ள வாயால வந்த அளவுக்குத்தான் தெரியும், அதுக்கு மேல எழுதுனா அது பொய் ஆயிரும். நீ நாவல் எழுதுற, நீ அந்த அடுப்படிக்குள்ள போகலாம். அவள நல்லவளா ஆக்கச் சொல்லல, மறுநா காலைல அவ எந்திரிச்சு என்ன செஞ்சான்னு ஒரு அத்தியாயம் குடு. புள்ள பெரியவளானதும் அம்மாவ ஒருதடவ நெனச்சாளா, அதையும் எழுது. நான் அதத் தேடி ரெண்டு தடவ கடைசிப் பக்கம் வரைக்கும் போனேன், இல்ல.

எழுதுறேன்னு ராத்திரி முழிக்காத, நேரத்துக்கு சாப்பிடு. டிசம்பர்ல வாரியான்னு ஒரு வார்த்த சொல்லு, வந்தா பண்ணைவிளைக்குப் போயிட்டு அப்படியே தூத்துக்குடி வரைக்கும் போவோம், அந்தப் புள்ள நடந்த தூரத்த நீ ரோட்டுல பாக்கணும். அப்பா காருக்கு இப்பவே சொல்லி வைக்கணுங்காங்க.

அம்மா