பாலத்தின் பெயரில் மறைந்துபோன நேப்பியர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் நேப்பியர் பாலம் கட்டுரையில் கூவம் முகத்துவாரத்தின் பழைய படங்கள் அருமை. ஆனால் பாலத்துக்குப் பெயர் தந்தவரைச் ‘சிந்துவை வென்ற தளபதி’ என்று எழுதியிருப்பதைத் திருத்த வேண்டும். சிந்துவை வென்ற சார்லஸ் நேப்பியர் 1853இலேயே இறந்துவிட்டார். பாலம் எழுந்தது 1869இல். அப்போது மதராஸ் ஆளுநராக இருந்தவர் பிரான்சிஸ் நேப்பியர். தெற்கு ஸ்காட்லாந்தின் எட்ரிக் பள்ளத்தாக்கைச் சேர்ந்த பிரபு, மடக்கைக் கணக்கைக் கண்டுபிடித்த ஜான் நேப்பியரின் வழிவந்தவர். போர்க்களத்து ஆளே அல்ல. வாஷிங்டன், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், பெர்லின் என்று தூதரகங்களில் காலம் கழித்துவிட்டு 1866இல் இங்கே வந்தார்.

வந்ததும் எதிர்கொண்டது, இன்று ஒடிசாவில் உள்ள, அன்று மதராஸ் மாகாணத்தில் இருந்த கஞ்சம் பகுதியின் பஞ்சம். இடிந்துகிடந்த மதுரைத் திருமலை நாயக்கர் மகாலைப் பழுதுபார்க்க வைத்தவரும் இவரே. 1872இல் அந்தமானில் வைஸ்ராய் மேயோ பிரபு கொலையுண்டபோது சில வாரங்கள் தற்காலிக வைஸ்ராயாகவும் இருந்தார். இவற்றையெல்லாம் கட்டுரையாளர் விட்டதில்கூட எனக்கு வருத்தமில்லை. அவர் ஊர் திரும்பிச் செய்த வேலையைப் பற்றி ஒரு வரியும் இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

ஸ்காட்லாந்தின் வடக்கு மலைநாட்டிலும் தீவுகளிலும் சிறு குத்தகை விவசாயிகளை வெளியேற்றிவிட்டு ஆடு மேய்க்க நிலத்தை வளைத்த கொடுமை தலைமுறைகளாக நடந்தது. 1882இல் ஸ்கை தீவின் பிரேஸ் பகுதி மக்கள், பறிபோன பென் லீ மலை மேய்ச்சல் நிலத்தைத் திருப்பிக் கேட்டுக் குத்தகை கட்ட மறுத்தார்கள். வெளியேற்ற நோட்டீசுடன் வந்தவரைக்கொண்டே அதைக் கொளுத்த வைத்தார்கள். கிளாஸ்கோவிலிருந்து போலீஸ் வந்து இறங்கியது. பெண்கள் கல்லெறிந்து எதிர்த்து நின்றார்கள். அதற்குப் பிறகுதான் அரசு அசைந்து, இந்தச் சிறு விவசாயிகளின் நிலையை விசாரிக்க 1883இல் ஓர் ஆணையம் அமைத்தது. தலைவர் நேப்பியர். ஆறு உறுப்பினர்களில் ஒருவர்கூடச் சிறு விவசாயி இல்லை. மக்கள் சந்தேகப்பட்டதில் வியப்பென்ன?

அந்த ஆணையம் முதலில் கூடியது பிரேஸிலேயே, ஒரு பள்ளிக்கூடத்தில். முதல் சாட்சி ஆங்கஸ் ஸ்டூவர்ட் என்ற விவசாயி. அந்த மலைநாட்டு மக்களின் கேலிக் மொழியில் பேசினார். உண்மையைச் சொன்னால் பண்ணையாரையும் அவருடைய காரியஸ்தரையும் குறைசொல்ல வேண்டிவரும், அதற்காக என்னை வெளியேற்ற மாட்டோம் என்று உறுதி வேண்டும் என்றார். அந்த உறுதியைத் தர ஆணையத்துக்கே அதிகாரம் இல்லை! அங்கிருந்த காரியஸ்தர் வாக்குக் கொடுத்த பிறகே அவர் வாய் திறந்தார். சாட்சிய ஏட்டின் முதல் பக்கங்களிலேயே இந்தப் பேச்சு அச்சாகியிருக்கிறது. ஊர் ஊராகப் போய்க் கேட்டார்கள். லூயிஸ் தீவின் ஸ்டோர்னவே துறைமுகம் அருகே அவர்கள் வந்த லைவ்லி என்ற கப்பல் பாறையில் மோதி மூழ்கியபோதும் விசாரணை நிற்கவில்லை.

1884இல் வந்த அறிக்கையில் நேப்பியர் வலியுறுத்தியது கிராமத்தின் பொது உரிமையை. மேய்ச்சல் நிலம் ஊருக்குச் சொந்தமான உரிமையாகச் சட்டத்தில் ஏற வேண்டும் என்றார். மதராஸ் மாகாணக் கிராமங்களைப் பார்த்த அனுபவம் இதில் கைகொடுத்திருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் ஆண்டுக்கு 6 பவுண்டுக்குக் குறைவாகக் குத்தகை கட்டும் மிக ஏழை விவசாயிகளை அவர் கைவிட்டார். அவர்கள் கப்பலேறி வெளிநாடு போக உதவலாம் என்றார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஊர் உரிமையை ஒதுக்கிவிட்டு, அந்த ஏழைகளுக்கும் சேர்த்து நிலத்திலிருந்து வெளியேற்றப்படாத பாதுகாப்பையும் நியாயமான குத்தகையையும் தந்தது. அந்த வெற்றியில் பெரும்பங்கு பிரேஸ் பெண்களுடையது. ஆனாலும் தானே ஒரு நிலப்பிரபுவாக இருந்துகொண்டு அவர்கள் பேச்சை வரிக்கு வரி அச்சேற்றியவர் நேப்பியர். ஆர்கைல் கோமகனைப் போன்ற பெரும் நிலப்பிரபுக்கள் சீறியபோதும் தன் பரிந்துரைகளைப் பத்திரிகையில் எழுதியே தாங்கிப் பேசினார்.

அடுத்த இதழில் திருத்தத்தோடு நில்லாமல், அந்தச் சாட்சியங்களிலிருந்து சில பக்கங்களைத் தமிழில் வெளியிட வேண்டுகிறேன். ஆங்கஸ் ஸ்டூவர்ட்டின் சாட்சியத்திலிருந்தே தொடங்கலாம்.

தங்கள் நீண்டநாள் வாசகர்,
திருவல்லிக்கேணி, சென்னை