அந்தத் துணிமூட்டை

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பழையபடிதான். அண்ணன் வழக்கம்போல.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது உன் பின்னால் சுவர் வெறுமையாக இருந்தது. துணியும் காகிதமும் சேர்த்து நீ தைத்தாயே, நீலமும் துருநிறமுமாக அந்தப் பெரிய துணிப்படம், அது அங்கேதானே இருக்கும்? தூசி தட்டக் கழற்றியிருப்பாய். மடித்து மட்டும் வைக்காதே, மடிப்பில் காகிதம் முறிந்துவிடும். சுருட்டி வை. வெயில் படுகிற இடமும் வேண்டாம், சாயம் போய்விடும்.

இப்போது எதுவும் செய்வதில்லை, நேரமில்லை என்றாய். சரி. ஆனால் அதைச் சொல்லும்போது நீ திரையைப் பார்க்கவில்லை.

நானே ஒன்று செய்து பார்த்தேன். சிரிக்காதே. என் பழைய கோடுபோட்ட சட்டை, அப்புறம் வங்கியிலிருந்து வரும் கடித உறைகள். அந்த உறைகளின் உள்பக்கத்தில் பொடிப்பொடியாக நீல வலை அச்சிட்டிருக்கிறார்கள். இத்தனை வருடம் கிழித்துப் போட்டவன் இப்போதுதான் பார்த்தேன். காகிதம் ஒரு பக்கமாகக் கிழித்தால் நேராக வருகிறது, மறுபக்கம் கோணல்மாணலாகப் போகிறது. அந்தக் கோணல்தான் நன்றாக இருக்கிறது. தையலை நெருக்கமாகப் போட்டுவிட்டேன், தபால்தலை மாதிரி வரிசையாகப் பிய்ந்து கையோடு வந்துவிட்டது. எட்டி எட்டித் தைக்க வேண்டும் என்று நீ பத்தாவது படிக்கும்போதே சொன்னாய். செய்தித்தாளை மட்டும் சேர்க்காதே, அது மரக்கூழ்க் காகிதம், சீக்கிரம் மஞ்சளாகிவிடும். உனக்கே பாடம் நடத்துகிறேன் பார்.

எதை எங்கே வைப்பது என்பதுதான் பிடிபடவில்லை. விரல்நகம் அளவு ஒரு சிவப்புத் துண்டு. அதை நகர்த்தி நகர்த்தியே ஒரு சாயங்காலம் போய்விட்டது. கடைசியில் இடது ஓரத்துக்குத் தள்ளினேன், அலைந்துகொண்டிருந்த மற்றதெல்லாம் அடங்கி உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்து அம்மா வந்து, "இது என்ன படம்?" என்றாள். உன்னை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! எனக்குப் பதில் தெரியவில்லை, கோபம்தான் வந்தது.

சோனியா டெலோனே என்ற ஓவியர் 1911-ல் தன் கைக்குழந்தைக்குத் துண்டுத்துணிகளைச் சேர்த்து ஒரு போர்வை தைத்தார். பாரிஸ் அருங்காட்சியகம் ஒன்றின் சேகரிப்பில் இருக்கிறது அது. நீ அந்தக் கதையைச் சொல்ல வந்தபோது, "போர்வை போர்வைதானே" என்று எழுந்து போனவன் நான். ஆனால் கண்காட்சி அழைப்பிதழில் உன் பெயர் வந்ததும் பார்க்கிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டினேன். உன்னிடம்தான் காட்டிக்கொள்ளவில்லை. நீயும் வாரத்துக்கு ஒரு தடவை, அதுவும் ஐந்து நிமிடம் பேசினால் எப்படிச் சொல்வது?

நேரமில்லை என்றால் தினம் ஒரே ஒரு துண்டு தைத்தால் போதும். துணியைத் துவைத்துவிட்டுத் தை, இல்லாவிட்டால் பின்னால் சுருங்கும். வெயிலில் மாட்டாதே.

ஒன்று சொல்ல வேண்டும். பரண்மேல் இருந்த உன் துணிமூட்டையை எலி கடிக்கவில்லை. அண்ணன் கல்யாணத்துக்கு வெள்ளையடித்தபோது நான்தான் குப்பையில் போட்டேன். பாட்டியின் பச்சைத் துணி அதில் இருந்தது எனக்குத் தெரியும். வருகிறவர்கள் கந்தல் மூட்டையைப் பார்த்து என்ன நினைப்பார்களோ என்றிருந்தது. நீ மூன்று நாள் எலிப்பொறி வைத்தாய். பொறியை வாங்கிக்கொண்டு வந்தவனும் நான்தான். அம்மாவுக்கும் இது தெரியாது.

என் பழைய சட்டை இரண்டு, பார்சலில் வரும். இரண்டு தடவை துவைத்தாயிற்று, பொத்தான்களைக் கழற்றிவிட்டேன். சட்டைப்பையைப் பிரிக்க வேண்டுமா கூடாதா என்று தெரியாததால் அப்படியே விட்டிருக்கிறேன். உறைகளும் கொஞ்சம் வைத்திருக்கிறேன், பசை இருந்த ஓரத்தை வெட்டிவிட்டு.

சுவரில் அந்த ஆணி இன்னும் இருக்கிறதா, பிடுங்கிவிட்டாயா? அதையாவது எழுது.

அப்பா