வேலையை முகத்துவாரத்திலிருந்து ஆரம்பிக்கட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

மழைநீர் வடிகால் பணிகள் பற்றி உங்கள் நாளிதழில் செய்தி வரும்போதெல்லாம், இத்தனை கிலோமீட்டர் முடிந்தது, இத்தனை சதவீதம் பாக்கி என்ற கணக்குதான் பெரிய எழுத்தில் வருகிறது. வேளச்சேரியில் எங்கள் தெருவிலும் வடிகால் கட்டி முடித்தாகிவிட்டது. குறை சொல்லக்கூடாது, முன்பு இருந்ததைவிட நல்ல அகலம். ஆனால் அதில் இறங்குகிற தண்ணீர் அப்புறம் எங்கே போகிறது, போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பது மட்டும் எந்தச் செய்தியிலும் இருப்பதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

எங்கள் பக்கத்துத் தண்ணீர் வீராங்கல் ஓடையில் விழுகிறது. ஆதம்பாக்கம் ஏரியின் உபரிநீரைக் கொண்டுபோகிற ஓடை அது, புழுதிவாக்கம், வேளச்சேரி வழியாக வந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேரும். அங்கே எங்கள் தண்ணீர் மட்டுமா வருகிறது? கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று தென்சென்னையின் ஏரிகள் பலவும் நிரம்பி வழிந்தால் அங்கேதான் வந்தாக வேண்டும். வந்து சேர்கிற அத்தனைக்கும் வெளியேறுகிற பிரதான வழி ஒக்கியம் மடுவு என்கிற கால்வாய். ஓ.எம்.ஆர். பாலத்துக்குக் கீழே நுழைந்து தெற்கு பக்கிங்காம் கால்வாயில் கலந்து, கிழக்கே கூப்பிடு தூரத்தில் கடல் இருந்தும் அதைத் தொட முடியாமல், பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே போய் முட்டுக்காட்டு முகத்துவாரத்தில்தான் அந்தத் தண்ணீர் கடலைப் பார்க்கும்.

பள்ளிக்கரணையில் வந்து வடிகிற நிலப்பரப்பு சுமார் 250 சதுர கிலோமீட்டர் என்பார்கள். அதன் மேல் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 2,500 கோடி லிட்டர். டி.எம்.சி. கணக்கில் முக்காலுக்கும் மேலே, அதாவது 3.645 டி.எம்.சி. கொள்ளளவு உள்ள செம்பரம்பாக்கம் ஏரியில் ஏறக்குறைய கால்வாசி. எல்லாமே ஓடி வந்துவிடாது, கொஞ்சம் மண்ணில் இறங்கும், கொஞ்சம் ஏரிகளில் நிற்கும், சரி. ஆனால் இறங்குவதற்கு மண் எங்கே மிச்சம் இருக்கிறது? 265 ஏக்கர் என்று சொல்லப்பட்ட வேளச்சேரி ஏரி இன்று 55 ஏக்கர். ஏரிக்குள் வீட்டு வசதித் திட்டம் போட்டதும் அரசுதான். சதுப்பு நிலத்தைக் குப்பை கொட்டியே மேடாக்கியது ஒரு பக்கம், சாலையும் ரயில் நிலையமும் கட்டிக் கூறு போட்டது இன்னொரு பக்கம். 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தபோது எல்லோரும் கைதட்டினோம், அதில் சேர்ந்தது 1,247 ஹெக்டேர்தான். பழைய சதுப்பு நிலத்தில் அது ஒரு சிறு பங்கு.

இந்த நிலைமையில் மேலே தெருத் தெருவாக வடிகாலை அகலப்படுத்திக்கொண்டே போனால் என்ன ஆகும்? கல்யாண மண்டபத்துக்கு வாசல் மேல் வாசலாகத் திறந்து ஆளை உள்ளே விட்டுவிட்டு, பந்திக்குப் போக ஒரே ஒரு ஒற்றைக் கதவை வைத்த கதைதான். முன்பு ஆறு மணி நேரத்தில் சதுப்பு நிலத்துக்கு வந்த தண்ணீர் இப்போது மூன்று மணி நேரத்தில் வந்து நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியேறும் வாசல் அதே வாசல். மேட்டில் இருப்பவர் வீட்டு வாசல் சீக்கிரம் காய்ந்துவிடும், பள்ளத்தில் இருப்பவர் வீட்டில் கட்டில் மிதக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இதைக் கண்ணால் பார்த்தோம். மழை நின்றுவிட்டது, வெயில்கூட வந்தது, ஆனால் தண்ணீர் நாட்கணக்கில் அசையவில்லை. கடல் கொந்தளித்ததால் முகத்துவாரங்களில் தண்ணீரை உள்வாங்கவில்லை என்று அப்போது அதிகாரிகளே சொன்னார்கள். உண்மைதான். ஆனால் வடகிழக்குப் பருவமழைக்காலத்தில் புயல் வருவதும், புயல் வந்தால் கடல் மட்டம் ஏறுவதும் என்ன புதிதா? கடல் வாங்காத அந்தச் சில மணி நேரம், தேவைப்பட்டால் ஒரு முழு நாள், தண்ணீரை எங்கே நிறுத்தி வைப்பது என்பதுதானே திட்டத்தின் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்? பக்கிங்காம் கால்வாயிலிருந்து நேராகக் கடலுக்கு ஒரு மூடு கால்வாய் வெட்டுகிற யோசனை வருஷக்கணக்காகப் பேச்சில் இருக்கிறது. நல்ல யோசனை, செய்யட்டும். ஆனால் கடல் உயர்ந்து நிற்கும் நேரத்தில் அதுவும் வாங்காது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

தூர் வாருவது தனிக் கதை. மழைக்கு முன்னால் மிதவை இயந்திரம் வந்து ஆகாயத்தாமரையை அள்ளும், படம் எடுப்பார்கள். அள்ளிய சகதி ஓடையின் கரையிலேயே குவிந்து கிடக்கும், முதல் மழையில் பாதி திரும்பவும் உள்ளே போய்விடும். சிறு பாலங்களுக்கு அடியில் குனிந்து பார்த்தால் இன்னும் வேடிக்கை. குடிநீர்க் குழாய் ஒன்று, கழிவுநீர்க் குழாய் ஒன்று, கேபிள் குழாய்கள் என்று ஓடையின் குறுக்கே ஆளாளுக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பழைய மெத்தை வந்து மாட்டும், மெத்தையில் தெர்மாகோல் மாட்டும், தெர்மாகோலில் ஆகாயத்தாமரை மாட்டும். அவ்வளவுதான், தானாகவே ஒரு தடுப்பணை கட்டியாயிற்று. கரைக்குச் சுவர் எழுப்ப எத்தனை கோடி செலவு செய்தாலும், இந்தக் குழாய்களை ஓடையின் நீர்மட்டத்துக்கு மேலே தூக்கி வைக்காத வரை பிரயோஜனம் இல்லை. அதற்குச் சுவர் கட்டும் செலவில் ஒரு சிறு பகுதிகூட ஆகாது என்பது என் கணிப்பு. ஆனால் குழாய் ஒரு துறை, ஓடை ஒரு துறை, தெரு வடிகால் ஒரு துறை, சாலை ஒரு துறை. யாரைக் கேட்டாலும் இன்னொருவரைக் கை காட்டுவார்கள்.

எல்லா இடத்துக்கும் வடிகால்தான் மருந்து என்பதும் தப்பு. கோவளம் வடிநிலப் பகுதிக்கு ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கிக் கடனில் வடிகால் போட வந்தபோது, ஈ.சி.ஆர். ஓரத்து மணற்பாங்கான பகுதி மக்கள், எங்களுக்கு இது வேண்டாம், மழை இங்கே மணலில் தானாக இறங்கிவிடும் என்று எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. கேட்காத இடத்தில் கான்கிரீட் போடுகிற காசில் மேலே இருக்கிற ஏரிகளை இரண்டடி ஆழப்படுத்தி, மதகு வைத்து, புயலுக்கு இரண்டு நாள் முன்னாலேயே கொஞ்சம் தண்ணீரை இறக்கிவிட்டுக் காத்திருக்கலாம். கிண்டி ரேஸ் கோர்ஸ் இடத்தில் 2024-இல் குளங்கள் வெட்டினார்களே, அந்த மாதிரி வேலை இன்னும் பத்து இடத்தில் நடந்தால் எங்கள் பக்கம் மூச்சு விடலாம்.

ஆக்கிரமிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. கால்வாயை அகலப்படுத்துவது என்றாலே முதலில் குடிசைக்காரர்களைத்தான் காலி செய்யச் சொல்கிறார்கள். சொல்லி எங்கே அனுப்புகிறார்கள்? பெரும்பாக்கம், செம்மஞ்சேரி. அவையும் இதே வடிநிலத்தின் தாழ்வான பகுதிகள், மழை வந்தால் அங்கேயும் முழங்கால் தண்ணீர். வெள்ள அபாயம் என்று சொல்லி வெளியேற்றிவிட்டு வெள்ளம் வரும் இடத்திலேயே குடிவைப்பதை என்னவென்று சொல்வது? சதுப்பு நிலத்து ஓரமாக எழுந்து நிற்கிற கண்ணாடிக் கட்டடங்களிடம் இதே கறார் காட்டப்படுவதாகத் தெரியவில்லை.

2021 வெள்ளத்துக்குப் பிறகு ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் அரசு குழு அமைத்தது, 2023-இல் அறிக்கையும் வந்தது. அந்த அறிக்கையில் எங்கள் ஓடை சம்பந்தப்பட்ட பக்கங்களையும், இப்போது நடக்கும் பணிகளின் வரைபடத்தையும் தமிழில், வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டி வையுங்கள். வரைபடம் என்றால் வெறும் நீலக் கோடு இல்லை. எங்கள் தெரு வடிகாலின் அடிமட்டம் எவ்வளவு, ஓடையின் அடிமட்டம் எவ்வளவு, மடுவின் மட்டம் எவ்வளவு, கடல் ஏற்றத்தின் மட்டம் எவ்வளவு என்ற எண்கள் அதில் இருக்க வேண்டும். அந்த எண்களைப் பார்த்தால் தண்ணீர் போகுமா, திரும்பி வருமா என்று பத்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளைகூடச் சொல்லிவிடும். அடுத்த டெண்டர் விடுவதற்கு முன்னால் முகத்துவாரத்தில் மணல் திட்டை அகற்றுவது, மடுவை அகலப்படுத்துவது, பாலங்களுக்கு அடியில் இருக்கும் குழாய்களை எடுப்பது, இந்த வரிசையில் கீழேயிருந்து மேலே வரட்டும். எங்கள் தெரு கடைசியாக வந்தாலும் பரவாயில்லை.

ஒரு சின்ன வேண்டுகோளும் உண்டு, இதற்குக் கடன் கூட வாங்க வேண்டியதில்லை. ஒக்கியம் மடுவுப் பாலத்திலும் வீராங்கல் ஓடைப் பாலங்களிலும் பெயிண்டில் ஓர் அளவுகோல் வரைந்து, மழை நாட்களில் மணிக்கு ஒருமுறை மட்டத்தை வெளியிடச் சொல்லுங்கள். எந்த நேரத்தில் காரை வேளச்சேரி மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்துவது என்று நாங்களே முடிவு செய்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
வேளச்சேரி வாசகர்,
சென்னை.