ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்காததற்கு

அன்புள்ள தம்பி,

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாய். நான் எடுக்கவில்லை என்றதும் பதறிப்போய் அத்தையை வீட்டுக்கே அனுப்பியிருக்கிறாய். எங்களுக்கு ஒன்றும் இல்லைப்பா. நம் பந்தயப் புறாக்களைப் பறக்கவிட அப்பா அலோர் ஸ்டாருக்குப் போயிருந்தார். "விட்டாச்சு, 7.45" என்று அவர் அனுப்பியதை நோட்டில் குறித்துக்கொண்டு, போனை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் கூட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். புறா இறங்குகிற நேரத்தில் மணி அடித்தால் மிரண்டு மறுபடியும் மேலே ஏறிவிடும்.

அதற்குப் பிறகு போனில் நீ இரண்டு விஷயம் சொன்னாய். புறா எச்சமும் தூசியும் நுரையீரலுக்கு ஆகாது, விட்டுவிடுங்கள் என்பது ஒன்று. மலேசியாவில், நிபோங் திபாலில் நீங்கள் இரண்டு பேர் மட்டும் எதற்கு, ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்கே வந்துவிடுங்கள் என்பது இன்னொன்று. உன் குரலில் பயம் இருந்தது. எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். நம் வீட்டிலிருந்து அலோர் ஸ்டார் நேர்கோட்டில் சுமார் 105 கிலோமீட்டர். 9.22க்கு, சிறகில் இரண்டு கறுப்புக் கோடு போட்ட அந்தச் சாம்பல் பெட்டை செம்பனைத் தோப்புக்கு மேலே தெரிந்தது. வட்டம் கூடப் போடவில்லை. சிறகை மடக்கி நேராக வந்து பலகையில் இறங்கியது. 97 நிமிஷம். மணிக்கு 65 கிலோமீட்டர் வேகம், அதுவும் கெடா வயல்வெளியையும் முடா ஆற்றையும் தாண்டி, யாரும் வழி காட்டாமல். அப்பா அங்கேயே பசியாறிவிட்டு 10.30க்குக் காரில் வந்து சேர்ந்தபோது ஒன்பது புறா கூட்டுக்குள் இருந்தது. பத்தாவது மத்தியானம் வந்தது, வாலில் பாதி இறகு இல்லை. அக்டோபருக்கு மேல் வடக்கிலிருந்து வல்லூறு வந்து தங்கும் காலம் இது. பதினோராவது வரவில்லை.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நான் 34 வருஷம் வேலை செய்தது உனக்குத் தெரியும். குளிர்சாதன அறை, தலைக்கு மூடி, கண்ணுக்கு மைக்ராஸ்கோப். சிப்பில் முடியைவிட மெல்லிய கம்பி ஒட்டியிருக்கிறதா இல்லையா என்று பார்த்தே கண் பழகிப்போனது. விடியாமல் பஸ் ஏறிப் பினாங்குப் பாலம் தாண்டுவோம், திரும்பும்போது இருட்டியிருக்கும். வானம் எப்படி இருக்கும் என்பதையே நான் மறந்திருந்தேன். இப்போது எழுந்ததும் முதலில் வானத்தைத்தான் பார்க்கிறேன். காற்று எந்தப் பக்கம், புக்கிட் மெர்தாஜாம் மலைமேல் மேகம் இருக்கிறதா, வடக்கே குனோங் ஜெராய் தெரிகிறதா என்று. தொழிற்சாலைப் பழக்கம் விடவில்லை. எந்தப் புறாவுக்கு எத்தனை எடை, எந்த ஊரிலிருந்து எத்தனை நிமிஷம் என்று எல்லாமே நோட்டில் இருக்கிறது.

பழக்குவது பெரிய வித்தை இல்லை. பொறுமை வேண்டும், அவ்வளவுதான். நாலு வாரத்தில் குஞ்சு தானாகத் தின்னும். ஐந்தாறு வாரத்தில், பறக்கத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும்போதே, கூட்டு வாசலில் கம்பி வலைக்குள் உட்காரவைத்து ஊரைப் பார்க்கவிட வேண்டும். நம் கூரை, பக்கத்து வீட்டுத் தென்னை, கோவில் கோபுரம். பிறகு சாயங்காலம், பசியோடு இருக்கும்போது, வெளியே விட வேண்டும். மைலோ டின்னில் மக்காச்சோளத்தைப் போட்டுக் குலுக்கினால் உள்ளே வரும். ஒரு புறாவுக்கு நாளைக்கு 30 கிராம் போதும். வயிறு நிறைந்த புறா மரத்தில் உட்கார்ந்துவிடும், சொன்னால் கேட்காது. கூட்டைச் சுற்றி நன்றாகப் பறக்கத் தொடங்கினால் கூடையில் போட்டு சிம்பாங் அம்பாட், அப்புறம் புக்கிட் மெர்தாஜாம், கெப்பாளா பத்தாஸ், சுங்கை பட்டாணி என்று ஒவ்வொரு படியாகத் தள்ளிப் போக வேண்டும்.

முதல் வருஷம் எனக்கு அந்தப் பொறுமை இல்லை. ஒரு நாள் மூன்று மணிக்கு மேல், கிழக்கே மேகம் கட்டுவது தெரிந்தும், கெப்பாளா பத்தாஸிலிருந்து ஒன்பது குஞ்சுகளை விடச் சொன்னேன். அப்பா வேண்டாம் என்றார், நான்தான் கேட்கவில்லை. அரை மணியில் இடி மழை. அன்றைக்கு நாலு வந்தது, மறுநாள் இரண்டு. மீதி மூன்றின் கால் வளைய எண்ணும் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. காலையில் தவிர நான் இப்போது புறா விடுவதே இல்லை.

எப்படி வழி கண்டுபிடிக்கின்றன என்று நீ சின்னப் பையனாக இருந்தபோது கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. இப்போது தேடித் தேடிப் படிக்கிறேன். அமெரிக்காவில் கீட்டன் என்ற விஞ்ஞானி 1971இல் புறா முதுகில் சின்னக் காந்தத்தை ஒட்டிப் பறக்கவிட்டார். வெயில் நாளில் அவை வீடு வந்துவிட்டன, மேகம் மூடிய நாளில் திசை தடுமாறின. அப்படியென்றால் முதலில் சூரியன், அது இல்லாவிட்டால் பூமியின் காந்தம். இத்தாலியில் பாப்பி என்பவர், காற்றில் வரும் வாசனையை வைத்தும் வழி பிடிக்கின்றன என்று காட்டினார். இன்னொன்றைப் படித்துத்தான் அதிசயப்பட்டேன். சீனாவில் புகைமூட்டம் அதிகமான நாட்களில் புறாக்கள் இன்னும் வேகமாக வீடு திரும்பியதாக 2016இல் ஒரு ஆய்வு வந்தது. சுமத்ரா காட்டுத்தீப் புகை நம் ஊரை மூடும்போது நான் கூண்டைத் திறக்க மாட்டேன். ஆனாலும் அந்த வரியை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

தூசி விஷயத்தில் நீ சொன்னது சரிதான். புறா வளர்ப்பவர்களுக்கு இறகுத் தூசியாலும் எச்சத் தூசியாலும் நுரையீரல் ஒவ்வாமை வரும், அப்படியே விட்டால் நுரையீரல் கெட்டுப்போகும். நான் முகக்கவசம் போடாமல் உள்ளே நுழைவதில்லை. எச்சத்தைத் தினமும் சுரண்டுகிறேன், சேரவிடுவதில்லை. போன மாதம் எக்ஸ்ரே எடுத்தேன், டாக்டர் நன்றாக இருக்கிறது என்றார். மூச்சு வாங்கினால் உன்னிடம் மறைக்க மாட்டேன். அந்த வாக்கை நான் தருகிறேன், நீ பயப்படுவதைக் குறைத்துக்கொள்.

இப்போது பெர்த். உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் தோட்டத்தில் தாத்தா லயத்துக் கூரையில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுக் கூரையில், புறா வைத்திருந்தார். பந்தயப் புறா இல்லை, சும்மா மாடப்புறா. விடியாத இருட்டில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகுமுன் ஒரு பிடி தானியம் போட்டுவிட்டுத்தான் போவார். தோட்டத்தை விற்றார்கள், எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். நாங்கள் பத்து மைல் தள்ளி ஒரு பலகை வீட்டுக்கு வந்தோம். தாத்தா புறாக்களைப் பெட்டியில் கொண்டுவந்து, ஒரு மாதம் அடைத்து வைத்து, பாசமாகத் தீனி போட்டார். திறந்துவிட்ட அன்றைக்கே எல்லாம் லயத்துக்குப் போய்விட்டன. லயத்தை இடித்த பிறகும் அந்த இடத்துக்கு மேலேயே சுற்றின. தாத்தா சாயங்காலம் சைக்கிளில் போய், இடிந்த சுவர்மேல் தானியம் தூவிவிட்டு வருவார். எனக்கு அப்போது 11 வயது, பின்னால் உட்கார்ந்து போவேன். தாத்தா ஒன்றும் பேச மாட்டார்.

புறா வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. பறந்து பழகிய பெரிய புறாவை வாங்கிவந்தால் வெளியே விடக் கூடாது. அடைத்துவைத்துக் குஞ்சு எடுக்கலாம், அவ்வளவுதான். ஆனால் அந்தக் குஞ்சுக்குப் புதுக் கூடுதான் வீடு. எங்கே விட்டாலும் அங்கேதான் வரும்.

புறாவுக்கு இருக்கிற பாசம் பிள்ளைக்கு இல்லை என்று அத்தை ஒரு நாள் உன்னைப் பற்றிச் சொன்னாள். எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு அவளோடு சண்டையே போட்டேன். 18 வயதில் உன்னை நாங்கள்தான் விமானம் ஏற்றினோம். உன் வேலையும் பெண்டாட்டியும் பிள்ளையும் இருக்கிற இடம்தான் உன் வீடு. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் வீட்டு ஜன்னல் வழியாக நான் வெளியே பார்த்தால் எனக்கு ஒரு மரம்கூடப் பெயர் தெரியாது, அதுதான் விஷயம். இங்கே கிரியான் ஆற்றங்கரையில் மின்மினி எந்த மரத்தில் அதிகம் என்று எனக்கும் அப்பாவுக்கும் தெரியும். அதனால் குடியேற வரவில்லை, தங்க வருகிறோம். ஏப்ரலிலிருந்து மூன்று மாதம். பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தீனி போடவும் முகக்கவசம் மாட்டவும் இப்போதே சொல்லிக்கொடுக்கிறேன். பேரனை ராத்திரியில் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் இரண்டு பேரும் தூங்குங்கள்.

புட்டியோடு நீ ராத்திரியெல்லாம் நடக்கிறாய் என்று மருமகள் சொன்னாள். புறாவில் ஆணுக்கும் பால் சுரக்கும், தெரியுமா? தொண்டைப் பையில் தயிர்த்திரள் மாதிரி ஊறும், அம்மாவும் அப்பாவும் இரண்டு பேரும் குஞ்சுக்கு ஊட்டும். அடைகாப்பதும் முறைதான். காலையிலிருந்து சாயங்காலம் வரை சேவல் உட்காரும், மற்ற நேரமெல்லாம் பெட்டை.

அந்தச் சாம்பல் பெட்டை அலோர் ஸ்டாரிலிருந்து அவ்வளவு வேகமாக வந்ததற்கும் காரணம் இருக்கிறது. அவள் கூட்டில் இரண்டு முட்டை. 17, 18 நாளில் பொரியும் என்றால், வருகிற வெள்ளி அல்லது சனி. பொரித்து ஒரு வாரத்துக்குள் காலில் வளையம் மாட்டிவிட வேண்டும். அதற்கு மேல் போனால் விரல் நுழையாது. என்னிடம் பச்சை, மஞ்சள், சிவப்பு இருக்கிறது. பேரன் கையில் மூன்று நிறத்தையும் காட்டி, எதை முதலில் பிடிக்கிறான் என்று பார்த்துச் சொல். உங்களுக்கும் எங்களுக்கும் ஒரே நேரம்தானே, சாயங்காலம் ஆறு மணிக்குக் கூப்பிடு. அப்போது புறா எல்லாம் உள்ளே வந்திருக்கும்.

அன்புடன்,
அம்மா