ஒன்பதாம் வகுப்பு விடைத்தாளை எடுத்துப் பாருங்கள்: பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கடலூர் மாவட்டத்து அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளின் மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். இம்மாவட்டத்தின் அரசுப் பள்ளிகளில் முப்பத்தோராண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். இதைத் துறை அலுவலர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. பள்ளி மேலாண்மைக் குழுவில் நால்வரில் மூவர் பெற்றோராகவும் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை, சுற்றுச்சுவர் இடிந்துவிட்டது என்று நீங்கள் பேசினால் எல்லோரும் கேட்டுக்கொள்கிறார்கள். பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிப்பதும் அதே சட்டம் உங்களுக்குத் தந்த வேலைதான் என்பதைக் கூட்டத்தில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

ஆண்டுதோறும் மே மாதத்தில் முடிவுகள் வந்ததும் பள்ளி வாசலில் பதாகை ஏறுகிறது. பத்தாம் வகுப்பில் மாநிலத் தேர்ச்சி 2019இல் 95.2 விழுக்காடு; 2025இல் 93.80 விழுக்காடு. அதே மாதத்தில் திருப்பாதிரிப்புலியூரிலோ பண்ருட்டியிலோ எந்தத் தேநீர்க் கடையில் அமர்ந்தாலும், "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை, மரியாதையும் இல்லை" என்ற பேச்சு காதில் விழும். இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும் என்று நீங்கள் எண்ணலாம். இரண்டும் மெய்தான் என்பதை நான் கற்பித்த பாடத்தைக் கொண்டே காட்டுகிறேன்.

பத்தாம் வகுப்புக் கணிதத் தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் பதினான்கு. அவற்றில் கணிசமானவை பாடத்தின் பின்பக்க வினாக்களிலிருந்து வருபவை. வடிவியலில் ஒரு வரைதல் கணக்குக்கு எட்டு, வரைபடத்துக்கு எட்டு. ஆக முப்பது மதிப்பெண். தேர்ச்சிக்கு வேண்டியது முப்பத்தைந்து. ஜனவரி பிறந்ததும் 'மெல்லக் கற்போர்' என்று பட்டியலிட்ட பிள்ளைகளைத் தனி அறையில் உட்கார வைத்து, இயற்கணிதத்தையும் முக்கோணவியலையும் ஓரமாக ஒதுக்கிவிட்டு, கிராஃப், ஜியாமெட்ரி, புக் பேக் என்ற மூன்றையே மார்ச் வரை அரைத்துக்கொண்டிருப்போம். நானும் அதைச் செய்தவன்தான். செய்யாவிட்டால் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். அப்படித் தேறியவர்களில் ஒரு மாணவன், வட்டத்துக்கு வெளியே உள்ள புள்ளியிலிருந்து தொடுகோடுகளைக் கவராயம் கொண்டு அச்சுப் பிசகாமல் வரைவான். 432ஐ ஆறால் வகுக்கச் சொன்னால் என் முகத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்ப்பான். அவன் பெற்றது 41. அவனும் அந்தத் தேர்ச்சி விழுக்காட்டுக்குள் இருக்கிறான். அறிவியலைச் சொல்லவே வேண்டாம்: செய்முறைக்கு உள்ள 25 மதிப்பெண்ணில் இருபதுக்குக் குறைவாகப் பெற்ற பிள்ளையை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை.

தேர்ச்சி விழுக்காடு தேர்வு எழுத வந்தவர்களை மட்டுமே வைத்துப் போடப்படும் கணக்கு என்பதையும் நினைவில் வையுங்கள். 2023 மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்பு மொழித்தாளை மாநிலம் முழுவதும் 50,000க்கும் மேற்பட்டோர் எழுத வரவில்லை என்ற செய்தி வந்தபோதுதான் ஊர் திடுக்கிட்டது. பெயர்ப் பட்டியலில் இருந்துகொண்டு, முந்திரித் தோப்பிலோ மீன்பிடித் துறையிலோ வேலைக்குப் போய்விட்ட பையன்களை ஆசிரியர்கள் அதற்கு முன்பே அறிவார்கள்.

பழுது பத்தாம் வகுப்பில் தொடங்குவதில்லை. அங்கே மேற்பூச்சுதான் நடக்கிறது. ஆறு முதல் ஒன்பது வரையிலான நான்கு ஆண்டுகளில்தான் பிள்ளை கை நழுவிப் போகிறான். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்ற விதியை நான் குறை கூற மாட்டேன். ஒரே வகுப்பில் இரண்டாம் முறை உட்கார வைத்ததால் வகுத்தல் கற்றுக்கொண்ட பிள்ளையை நான் பார்த்ததில்லை; பள்ளியை விட்டே நின்றுபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நிறுத்தி வைக்காமல் இருப்பதற்கு ஈடாகக் கல்வி உரிமைச் சட்டம் இன்னொன்றையும் கேட்டது: பிள்ளையைத் தொடர்ந்து மதிப்பிட்டு, பின்தங்கிய இடத்தில் கைகொடுக்க வேண்டும். 2012-13இல் முப்பருவ முறையோடு வந்த வளரறி மதிப்பீட்டின் நோக்கம் அதுவே. நடைமுறையில் அதற்குரிய நாற்பது மதிப்பெண்ணுக்குப் பிள்ளைகள் பிரவுசிங் சென்டரில் அச்செடுத்த ஒப்படைப்பைக் கொண்டுவந்தார்கள். நாங்கள் முப்பத்தெட்டு போட்டோம். எதையும் பாராமல் மதிப்பெண் போடுகிறார்கள் என்று பிள்ளை தெரிந்துகொண்ட அன்றைக்கே ஆசிரியரின் சொல்லுக்கு இருந்த மதிப்பும் போய்விட்டது.

ஒழுங்கைப் பற்றிய பேச்சும் இங்கேதான் வந்து சேர்கிறது. வாசிக்கத் தெரியாத பதினான்கு வயதுப் பையன், தனக்குப் புரியாத மொழியில் நடக்கும் வழக்கைக் கேட்பவனைப் போல, ஒரு நாளில் எட்டுப் பாடவேளை கடைசி இருக்கையில் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கென்று இருந்த உடற்கல்வி வேளையையும் நாங்களே கணிதத்துக்கு வாங்கிவிடுகிறோம் (இந்தக் குற்றத்தில் என் பங்கு பெரிது). பிறகு அவன் உதட்டுக்கடியில் புகையிலைப் பொட்டலத்தை வைக்கிறான், பேருந்துப் படியில் தொங்குகிறான், முள்ளோடையில் புதுச்சேரி எல்லையைத் தாண்டினால் மது மலிவு என்பதை யாரிடமோ தெரிந்துகொள்கிறான். இவற்றுக்கெல்லாம் பள்ளி மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. வகுப்பில் செய்வதற்கு ஏதேனும் ஒரு வேலை உள்ள பிள்ளை இவற்றில் இறங்குவது குறைவு என்பது என் அனுபவம்.

பிரம்பைப் பிடுங்கியதால்தான் எல்லாம் கெட்டது என்று என் நண்பர்கள் பலர் இன்னும் சொல்கிறார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. அதற்கு முந்தைய காலத்தில் நானும் பிரம்பு வைத்திருந்தேன். அது வகுப்பில் அமைதியைக் கொண்டுவந்தது. ஒருவனுக்கும் பின்னத்தைக் கற்றுத் தரவில்லை. நண்பர்களின் மனக்குறையில் ஒரு நியாயம் மட்டும் உண்டு: தடை வந்தபோது அதற்கு மாற்றாக என்ன செய்வது என்பது ஆசிரியருக்குச் சொல்லித் தரப்படவில்லை. கண்டித்துப் பேசினாலே புகாராகிவிடுமோ என்று அஞ்சி, பல இளம் ஆசிரியர்கள் கண்டும் காணாமல் போகப் பழகிவிட்டார்கள். பிள்ளையை அழைத்து, பெற்றோரையும் அழைத்து, மூவருமாக உட்கார்ந்து பேசும் வழக்கம் குற்றம் நடந்த பிறகு தொடங்குவதாக இல்லாமல் ஜூன் மாதத்திலிருந்தே இருந்தால் இந்த அச்சம் பாதி குறையும்.

பதினோராம் வகுப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அவ்வகுப்புப் பாடத்தைத் தொடாமலே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை ஈராண்டு நடத்திய பள்ளிகள் இருந்ததால்தான் 2017-18இல் பதினொன்றுக்குப் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 முதல் அத்தேர்வு கைவிடப்பட்டுள்ளது. பிள்ளைகளுக்கு அது ஆறுதல்தான். என்றாலும் உங்கள் பள்ளியில் பழைய வழக்கம் திரும்புகிறதா என்பதைப் பிள்ளையின் பதினோராம் வகுப்புக் குறிப்பேட்டைப் புரட்டினாலே அறியலாம்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியமன்று. அடுத்த கூட்டத்தில் பத்தாம் வகுப்பின் விழுக்காட்டைக் கேட்காமல், ஒன்பதாம் வகுப்பின் காலாண்டு விடைத்தாள் கட்டில் பத்தை எடுத்து மேசை மேல் வைக்கச் சொல்லுங்கள். யாருடைய தாள் என்று தெரியாதபடி பெயரை மறைத்தே வைக்கட்டும்; ஒரு பிள்ளையையும் அவமானப்படுத்துவது நோக்கமன்று. சொந்தமாக எழுதிய ஐந்து வரி எத்தனை தாளில் உள்ளது என்று பாருங்கள். அதைப் பார்க்க உங்களுக்குப் பட்டம் தேவையில்லை. பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளந்து பார்க்கும் ஏசர் (ASER) ஆய்வினர் ஊர் ஊராகச் சென்று பிள்ளைகளிடம் நீட்டுவதும் இரண்டாம் வகுப்பு அளவிலான ஒரு கதையையும், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்கத்தால் வகுக்கும் கணக்கையும்தான். ஆறு முதல் ஒன்பது வரை பின்தங்கியோருக்காக 2025-26இல் அரசு தொடங்கிய 'திறன்' திட்டத்தில் உங்கள் பள்ளியில் எத்தனை பேர் சேர்க்கப்பட்டார்கள், அவர்களில் எத்தனை பேர் இந்தப் பருவத்தில் தேறி வெளியே வந்தார்கள் என்ற இரண்டு எண்களையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வாங்குங்கள். இரண்டாவது எண் சிறியதாக இருந்தால் ஆசிரியர் மீது பாயாதீர்கள். பள்ளி, மாணவர் விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் (EMIS) பதிவேற்றத்தில் அவருடைய பாடவேளை எவ்வளவு போகிறது என்றும், வெள்ளத்தால் டிசம்பரில் இழந்த நாள்களுக்கு ஈடாக என்ன செய்தார்கள் என்றும் கேளுங்கள். பெண்ணையாறும் கெடிலமும் கரை புரளும்போது நம் பள்ளிகளே முகாம்களாகிவிடுவதை நீங்கள் அறிவீர்கள்.

உடற்கல்வி வேளையை வேறு பாடத்துக்குக் கொடுக்கக் கூடாது என்று ஒரு தீர்மானம் போடுங்கள். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அந்தத் தூரத்தை நடந்து அளந்து, கடை இருந்தால் குழுவின் பெயரில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். தனி ஆளாகத் தலைமையாசிரியர் கொடுத்தால் மறுநாள் அவர் அந்தக் கடையைத் தாண்டித்தான் பள்ளிக்கு வர வேண்டியிருக்கும்.

விடைத்தாள்களைப் பார்க்க உடன் ஓர் ஆள் வேண்டுமென்றால் அழையுங்கள். நான் மஞ்சக்குப்பத்தில்தான் இருக்கிறேன். மாலை நான்கு மணிக்குமேல் எந்த நாளும் எனக்கு ஒத்துவரும். சிவப்பு மைப் பேனாவை மட்டும் கொண்டுவர மாட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணிதப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர்,
கடலூர்.