சோக் கேபிளை முதலில் கழற்றிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் நாளிதழில் வந்த பழைய கார் அணிவகுப்புப் படங்களை ஆசையாகப் பார்த்தேன். எந்த வண்டி, எந்த வருடத்தது, யார் வீட்டுக் கார் என்று எல்லாம் இருந்தது. அவற்றை ஓடும் நிலையில் வைத்திருக்கும் மெக்கானிக்குகளைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. அந்தக் குறைக்காகத்தான் எழுதுகிறேன்.

என் தாய்மாமா வால்பாறையில் எஸ்டேட் வேலையில் இருந்தவர். அவர் வைத்திருந்த 1967ஆம் வருட எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் இப்போது கொழிஞ்சாம்பாறையில் என் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. போன வருடம் ஆனி, ஆடி மழையில் வண்டியை வெளியே எடுக்கவே இல்லை. ஆவணியில் எடுத்தால், குளிர்ந்த என்ஜின் ஸ்டார்ட் ஆகப் பெட்ரோலைக் கூட்டித் தரும் சோக் குமிழ் இழுத்ததும் வந்தது, தள்ளினால் பாதியில் நின்றுவிட்டது. என்ஜின் சூடான பிறகும் ரேஸ் குறையவில்லை. பின்னால் கறுப்புப் புகை. பிளக்கைக் கழற்றினால் கரி அப்பிக் கிடக்கிறது, ஆயில் குச்சியை மோந்தால் பெட்ரோல் வாடை. பெட்ரோல் வீணாவது மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் என்ஜினே தேய்ந்துவிடும்.

நகரத்தில் பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றுக்குக் கொண்டுபோனேன். பானெட்டைத் திறந்து ஐந்து நிமிடம் பார்த்தார்கள். "ரெண்டு கார்புரேட்டரும் போச்சு சார், வெளிநாட்டிலிருந்துதான் வரணும்" என்று 60,000 ரூபாய்க்குக் கணக்குக் கொடுத்தார்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குத் தரும் பாகம்தான் கார்புரேட்டர். சோக் குமிழையும் கார்புரேட்டரையும் இணைக்கும் கேபிளை ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கமே இல்லை.

எங்கள் ஊரில் பொள்ளாச்சி ரோட்டோரம் ஒரு மெக்கானிக் இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, ஊருக்கே அவர் அண்ணன்தான். வாழ்நாள் முழுக்க அம்பாசடர் டாக்சிகளோடு இருந்தவர். எம்ஜிபி என்ஜின் 1,798 சிசி, அம்பாசடரின் பழைய பெட்ரோல் என்ஜின் 1,489 சிசி. அளவு வேறு என்றாலும் இரண்டும் பிஎம்சி என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பி சீரிஸ் வம்சம். அண்ணன் பானெட்டைத் தூக்கியதும், "நம்ம வண்டி என்ஜின்தானுங்க இது" என்றார். எனக்குப் பாதி உயிர் வந்தது.

பல கார்புரேட்டர்களில் சோக்கை இழுத்தால் காற்று வரும் வழியை ஒரு தகடு மறைக்கும். எம்ஜிபியில் இருக்கும் எஸ்யு கார்புரேட்டரில் அந்தத் தகடு கிடையாது. குமிழை இழுத்தால் முதலில் என்ஜினுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் லேசாகத் திறக்கும், இன்னும் இழுத்தால் பெட்ரோல் வரும் சிறு குழாயான ஜெட் கீழே இறங்கும். அதற்குள் நிற்கும் நீடில் என்ற ஊசியைச் சுற்றி இடைவெளி கூடி, பெட்ரோல் அதிகமாக வரும். ஜெட் திரும்ப மேலே ஏறாவிட்டால் நாள் முழுக்க சோக் போட்டே ஓட்டுவது மாதிரிதான். அது ஏறாததற்குக் காரணம் ஜெட்டா, கேபிளா என்பதுதான் கேள்வி. அண்ணன் கேபிளை கார்புரேட்டர் பக்கம் கழற்றிவிட்டு, ஜெட் லீவரை விரலால் இழுத்து விட்டார். ஸ்பிரிங் பலத்தில் டக்கென்று மேலே போனது. இன்னொரு கார்புரேட்டரின் ஜெட்டும் அப்படியே. "ஜெட்டுக்கு ஒண்ணுமில்லீங்க, கேபிள்தான்" என்றார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அப்புறம் உள்கம்பியை மெதுவாக உருவி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரு முனையிலிருந்து தடவிக்கொண்டே போனார். ஓர் இடத்தில் விரல் நின்றது. என்ஜின் அறைக்குள் கேபிள் நுழையும் வளைவு அது. அங்கே ஒரு சாண் நீளத்துக்குக் கம்பி துரு ஏறிச் சொரசொரத்துக் கிடந்தது. எப்போதோ யாரோ போட்ட கிரீஸ் தூசியோடு சேர்ந்து பிசின் மாதிரி இறுகியிருந்தது. கேபிளுக்கு கிரீஸ் ஆகவே ஆகாது என்று அண்ணன் கோபப்பட்டார். கம்பியை நைசான எமரி பேப்பரால் தேய்த்து, மண்ணெண்ணெயில் துடைத்தார். வெளிக்குழாயை ஆணியில் தொங்கவிட்டு, மேல்முனையில் தையல் மெஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார். காலையில் போய்ப் பார்த்தேன், கீழே விரித்திருந்த பேப்பரில் ரத்தம் காய்ந்த நிறத்தில் எண்ணெய் இறங்கியிருந்தது. சுத்தமான எண்ணெய் வரும்வரை இன்னும் இரண்டு முறை விட்டார். திரும்ப மாட்டும்போது வளைவைக் கொஞ்சம் அகலமாக்கினார். கேபிள் இழுக்கத் தொடங்கும் முன் 1.5 மில்லிமீட்டர் அளவுக்குத் தொய்வும் விட்டார். இறுக்கிக் கட்டினால் ஜெட் முழுசாக மேலே ஏறாதாம். இப்போது குமிழ் ஒரு விரல் தள்ளலில் உள்ளே போகிறது. கூலி 700 ரூபாய்தான் வாங்கினார்.

அம்பாசடர் தயாரிப்பு 2014இல் நின்றுவிட்டது. இன்றைய கார்களில் சோக் குமிழே கிடையாது. அண்ணன் கடைக்கு வேலை கற்றுக்கொள்ள வரும் பையன்கள் கோளாறைக் கம்ப்யூட்டர் மாதிரி படித்துக் காட்டும் ஸ்கேனரைத்தான் கேட்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எதை முதலில் கழற்றிப் பார்ப்பது என்ற நிதானம் எந்த வண்டிக்கும் வேண்டியது. உங்கள் வாகனப் பக்கத்தில் வாரம் ஒரு பழைய மெக்கானிக்கைப் பேச வையுங்கள். அவர் கை செய்வதைப் படத்தோடு போடுங்கள். மலம்புழா அரசு ஐடிஐயிலோ, பொள்ளாச்சி பக்கமோ மாணவர்களுக்கு ஒரு நாள் செய்து காட்ட வேண்டும் என்றால் வண்டியை நானே ஓட்டி வருகிறேன். அண்ணனிடமும் கேட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை தவிர எந்த நாளும் வரத் தயார் என்றார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கூட்டுறவு வங்கி ஊழியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.